வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம்

பிளிடார் நகரம்
2023 செப்டம்பர் 4, திங்கள்

மதிப்புக்குரிய சம்பந்தி அண்ணன் கஸ்மடி அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு அனைவரும் நலம். தாங்களும் நலமாகவே இருக்க வேண்டுகிறேன்.

பொருள்: நம் பேத்தி கினாசியின் போன் நேரம்.

இதை நேரில் பேசியிருக்கலாம். தோள்பட்டை வலியால் எனக்கு மலை ஏறும் பயணம் ஒத்துக்கொள்வதில்லை. போனில் பேசவும் வழியில்லை. வார நாட்களில் உங்கள் வீட்டில் போன் கிடையாது. வெள்ளி முதல் ஞாயிறு வரை இருக்கும் போன் பிள்ளையின் போன்தான், பிள்ளையும் பக்கத்திலேயே இருப்பாள். ஆகவே கடிதம். அவள் இரண்டாம் வகுப்பிலேயே நன்றாக வாசிக்கிறாள் என்பதால் அவள் பையில் வைக்காமல், அவளை உங்களிடம் கொண்டுவரும் வேன் டிரைவர் கையில் தருகிறேன்.

கண் டாக்டர் எழுதிக் கொடுத்தது நாளொன்றுக்கு ஒரு மணி நேரம். அந்தத் தாள் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அந்தப் போனே தினசரி உபயோகத்தைக் கணக்கிட்டுக் காட்டும். ஒவ்வொரு திங்களும் நான் பார்த்துக் குறித்து வருகிறேன். ஆகஸ்ட் 18 வெள்ளி, இரண்டு மணி. ஆகஸ்ட் 25 வெள்ளி, இரண்டு மணி ஐந்து நிமிடம். செப்டம்பர் 1 வெள்ளி, இரண்டு மணி. மற்ற நாட்களில் ஒரு மணியைத் தாண்டவில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகல் பிள்ளை யாருடைய வீட்டில் இருக்கிறாள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளையின் மனதைச் சம்பாதிக்க வேறு வழிகள் உண்டு. அவளுடைய கண்ணைக் கொடுத்துச் சம்பாதிக்க வேண்டாம்.

இது தொடருமானால், அக்டோபர் முதல் வார இறுதிப் பயணத்தை நிறுத்திவைப்பதைத் தவிர வழியில்லை. தைவானில் இருக்கும் என் மகன் டானாங்கும் அதையே சொல்கிறான். தங்கள் விளக்கத்தை எழுத்துமூலம் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
விர்யோனோ


கெலுட் மலைச்சரிவு
ஞாயிறு, நம் ஐந்து நாள் சுற்றில் வாகே (துமினி தேதி போடுகிறாள்: செப்டம்பர் 10)

சம்பந்தி விர்யோனோவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நான் நலம்தான். உங்கள் கடிதம் வரும்வரை நன்றாகவே இருந்தேன்.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டு துமினி, விற்பதற்குச் சோயா டெம்பேயை இலையில் சுற்றும் வேலையை விட்டுவிட்டு எழுதுகிறாள். "மாமா, இதைக் கொஞ்சம் மெதுவாச் சொல்லலாமே, அவங்க ஆபீஸ்ல இருந்தவங்க" என்கிறாள். டெம்பே உன்னுது, வார்த்தை என்னுது, அப்படியே எழுது என்று சொல்லியிருக்கிறேன். எழுதி முடித்ததும் வாசிக்கச் சொல்வேன். ஒரு சொல் இளகியிருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

நான் கொடுப்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கொசுவர்த்திச் சுருளை உடைத்து, பள்ளிவாசல் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்து எரித்துப் பார்த்து, ஒரு மணி நேரம் எரியும் துண்டு எவ்வளவு என்று என் விரலில் அளந்து வைத்திருக்கிறேன். நடுவிரல் நுனியிலிருந்து உள்ளங்கை நடுவரைக்கும். துண்டைப் பற்றவைத்ததும் அவள் போனை எடுப்பாள். புகை நின்றால் போன் அரிசிப் பானைக்குள் போய்விடும், மூடிமேல் அம்மிக்குழவி. இரண்டு மணி நேரம் என்று அந்தப் போன் சொன்னால் அந்தப் போன் பொய் சொல்கிறது. அல்லது அதைப் படித்தவர் சொல்கிறார்.

நீங்கள் கேட்டதற்கு நான் சொல்லிவிட்டேன். இப்போது நான் கேட்கிறேன்.

போன மாதம் சனி பாஹிங் அன்று காலை அவளுக்கு வாழையிலையில் கடலைச்சாறு ஊற்றிப் பெச்சல் சோறு வைத்தேன். இலையைப் பார்க்காமலே சாப்பிட்டாள். கை மட்டும் போய் எடுத்துக்கொண்டு வருகிறது, கண் எதிரே சுவரில் நிற்கிறது. வெறும் சுவர், சம்பந்தி. போனை எதிரே சாய்த்துவைத்துச் சாப்பிட்டுப் பழகின பிள்ளைதான் அப்படிச் சாப்பிடும். என் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் போன் பானைக்குள் இருக்கும். அப்படியானால் எந்த வீட்டில் பழகினாள்?

உங்கள் வீட்டு அம்மா இந்திய சீரியல் பார்த்து அழுகிறார் என்று பிள்ளை சொல்கிறாள். யார் யாருக்கு மாமியார் என்பது வரைக்கும் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அது எந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்தது?

எழுதத் தெரிந்தவர்கள் எழுதிவைத்துவிட்டு மறந்துவிடலாம். எனக்கு அந்த வசதி கிடையாது, எல்லாம் தலையில்தான். ஜூலையில் பள்ளிக்கூடம் திறந்தது முதல் அவள் இங்கே வந்தது ஏழு வெள்ளி. ஒவ்வொரு வெள்ளியும் என்ன சாப்பிட்டாள், எத்தனை தடவை கண்ணைக் கசக்கினாள் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமையை என்னிடமிருந்து எடுத்துவிடாதீர்கள். மற்ற நாள் எல்லாம் உங்களுடையது, நான் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று. என் மகள் ரத்மி தைவானில் இருந்துகொண்டு ஒரு கேள்வி கேட்டாள்: "அப்பா, டவுன்ல இருக்கிறப்ப ஏன் அவ எனக்குக் கூப்பிடறதே இல்ல?" எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறேன். பிரித்திருந்தால் தெரியும்.

கஸ்மடி


பிளிடார்
செப்டம்பர் 14, வியாழன்

மதிப்புக்குரிய சம்பந்தி அண்ணன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் கடிதம் கிடைத்தது, பிரிக்கப்படாமல்.

என் மனைவி சீரியல் பார்ப்பது தொலைக்காட்சியில். அது பிள்ளையின் போன் கணக்கில் வராது. சாப்பாட்டு நேரத்தில் போன் வைத்தது உண்மை. ஆகஸ்ட் முதல் வாரம்வரை வைத்தோம், வைக்காவிட்டால் வாய் திறக்கமாட்டாள். பிறகு நிறுத்திவிட்டேன். இதை மறைக்க எனக்கு அவசியமில்லை.

கொசுவர்த்தி குறித்து நான் கருத்துக் கூற விரும்பவில்லை.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாளை வெள்ளி, பள்ளி பதினொரு மணிக்கு விடும். வேன் ஏறும் முன் என் கண்முன்னால் சரியாக ஒரு மணி நேரம் கொடுப்பேன். வேன் புறப்படும்போது போன் காட்டுவது ஒரு மணி. அதற்கு மேல் வெள்ளிக்கிழமை ஒரு நிமிடம் கூடினாலும் அது உங்கள் கூரைக்குக் கீழே கூடியது. டெம்பேக்கார அம்மையார் படித்துச் சொல்லட்டும்.

ரத்மி கேட்டதற்கு: எந்த வகையானாலும் திரை திரைதான். கார்ட்டூனும் அழைப்பும் அதே ஒரு மணி நேரத்தில் அடக்கம். எதற்குச் செலவிடுவது என்று பிள்ளையே தேர்ந்துகொள்கிறாள். நான் தடுப்பதில்லை.

விர்யோனோ


கெலுட் மலைச்சரிவு
ஞாயிறு லெகி (செப்டம்பர் 17)

சம்பந்தி விர்யோனோவுக்கு,

நீங்கள் சொன்னது சரி. வெள்ளிக்கிழமை இரண்டு மணி நேரம்.

சனிக்கிழமை காலையில் துமினி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தாள். ஒரு தடவைக்கு மூன்று தடவை படிக்கச் சொன்னேன். முதலில் துமினியைச் சந்தேகப்பட்டேன், பிறகு போனை. உங்களையும்தான், எழுதினால் என்ன. ஏதாவது செய்து அனுப்பியிருப்பீர்களோ என்று நினைத்தேன். கடைசியில் பிள்ளையையே கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"டவுன்ல நேத்து போன் பாத்தியா?"

"பாத்தேன். ஒரு மணி நேரம். டவுன் தாத்தா எதிர்லயே உக்காந்திருந்தாரு, போலீஸ் மாதிரி."

"அப்ப இங்க வந்து ஏன் மறுபடி எடுத்த? ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்னு தெரியாதா?"

"அது வெள்ளிக்கிழமை, தாத்தா. இங்க எடுத்தது சனிக்கிழமை."

"நேத்து சாயங்காலம் எப்படிடீ சனிக்கிழமை ஆகும்?"

"மக்ரிப் பாங்கு சொன்னப்புறம்தானே எடுத்தேன்? நீதானே சொன்ன, பாங்கு சொன்னா அடுத்த நாள் பொறந்துடுச்சுன்னு. தவுக்கே முதலாளி வயக்காட்டுக்கு நாள் பாத்தப்ப சொன்னியே."

நான் சொன்னதுதான். என் அப்பா சொன்னது, அவர் அப்பா சொன்னது. சூரியன் விழுந்தால் நாள் முடிந்தது. வெள்ளி மக்ரிப்புக்குப் பிறகு பிறந்த பிள்ளையை நான் சனிக்கிழமைப் பிள்ளை என்றுதான் சொல்வேன். கொசுவர்த்தியை நான் பற்றவைத்தது சனிக்கிழமைக் கணக்கில். அதற்குப் பிறகு சனி பகல் முழுக்கப் பானையைத் திறக்கவில்லை. அந்தி சாய்ந்தால் ஞாயிற்றுக் கணக்கு. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. நீங்களோ நடுராத்திரி பன்னிரண்டு மணிக்கு நாளை மாற்றுகிறீர்கள், போனும் உங்கள் கட்சி. உங்கள் நாளும் என் நாளும் ஒன்றோடொன்று ஒட்டாத இடம் ஒன்று இருந்திருக்கிறது, வெள்ளி அந்தியில். அதைப் பிள்ளை கண்டுபிடித்து அதில் போய் உட்கார்ந்துகொண்டாள். உங்களிடமும் பொய் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் திருடன் என்று எழுதிக்கொண்டிருந்தோம்.

சரி, நாளை உங்கள் வழிக்கே மாற்றிக்கொள்கிறேன் என்று எழுதத்தான் துமினியைக் கூப்பிட்டேன். பிறகு நாக்கு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அந்த வெள்ளி அந்தி ஒரு மணி நேரத்தில் அவள் கார்ட்டூன் பார்ப்பதில்லை. ரத்மியோடு இருக்கிறாள். ரத்மி பார்த்துக்கொள்கிற நோயாளி அம்மாளோடு உட்கார வெள்ளிக்கிழமைதான் அந்த அம்மாளின் மகன் வருகிறான். ரத்மிக்கு அந்த ஒரு மணி நேரம்தான் முழு ஓய்வு. பிள்ளை போனைக் காப்பித்தூள் டப்பாவில் சாய்த்துவைத்துவிட்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். அங்கே ரத்மி துணி மடிப்பாள். பாதி நேரம் பேச்சே கிடையாது. "அம்மா, ரப்பர் தொலைஞ்சுபோச்சு." "பாயைத் தூக்கிப் பாரு." அவ்வளவுதான். ஒரே வீட்டில் இருக்கிற தாயும் பிள்ளையும் போல. துண்டு எரிந்து முடிந்ததும் நான் இருமுவேன். "தாத்தா புகை முடிஞ்சிருச்சுங்கிறாரு" என்று சொல்லி வைத்துவிடுவாள்.

டவுனில் ஏன் அம்மாவைக் கூப்பிடுவதில்லை என்று கேட்டேன். "அங்க அம்மாகிட்ட பேசினா கார்ட்டூன் போயிடும் தாத்தா. அதான் அம்மாவ இங்க வெச்சிருக்கேன்" என்றாள்.

அம்மாவை இங்கே வைத்திருக்கிறாளாம். துமினி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கிறேன் என்று போய்விட்டாள். திரும்பி வர நேரமாயிற்று.

இன்னொன்று. உங்கள் கண்ணாடிக்கு அடியில் தாள் இருக்கிறது. என் தலைக்குள் அந்த நாளே இருக்கிறது. செவ்வாய் லெகி, பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது. நீங்கள் ஜன்னல் பக்க நாற்காலியில், பிள்ளை என் மடியில். டாக்டர் பெண்பிள்ளை, இடது கட்டைவிரலில் கட்டுப் போட்டிருந்தார். "நாளைக்கு ஒரு மணி நேரம், கிட்ட வெச்சுப் பாக்கக்கூடாது, இருட்டுல கூடாது" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். மூடின பிறகு சொன்னார்: "அம்மா அப்பா வெளிநாட்டுலன்னு சொன்னீங்கல்ல, அவங்க முகம் பாத்துப் பேசுறத இதுல சேக்காதீங்க. அது வேற."

பேனா மூடின பிறகு சொன்னதால் உங்கள் தாளில் அது இல்லை. ஆனால் உங்களுக்குக் காது இருந்தது. "சரிங்க டாக்டர்" என்று சொன்னது நீங்கள்.

கஸ்மடி


பிளிடார்
செப்டம்பர் 21, வியாழன்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாள் கணக்கு பற்றிய தங்கள் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். அலட்சியம் என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். அப்படி ஒரு சொல்லை எழுதவில்லை என்றாலும் நினைத்தேன்.

ஆனால் அரசாங்க நாட்காட்டிப்படி நாள் நள்ளிரவில் மாறுகிறது. பள்ளிக்கும் அதுவே, டாக்டருக்கும் அதுவே. ஆகவே வெள்ளி அந்தி ஒரு மணி நேரம் இனி கிடையாது. டாக்டர் வாய்மொழியாகக் கூறியதாகத் தாங்கள் சொல்வது என் குறிப்பில் இல்லை. குறிப்பில் இல்லாததை வைத்து நான் வீடு நடத்த முடியாது.

தாங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ரத்மியோடு பேசிவிட்டு வரும் வாரங்களில் பிள்ளை இங்கே சில கேள்விகள் கேட்கிறாள். ஞாயிறு இரவு உணவில் கேட்கிறாள், திங்கள் காலை பள்ளிக்குப் போகும்போது மோட்டார் சைக்கிளில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்கிறாள். என் மனைவி எழுந்து உள்ளே போய்விடுகிறாள். பதில் சொல்ல நான் ஒருவன். டானாங்குக்குத் தொழிற்சாலையில் வேலை நேரம் மாறிக்கொண்டே இருக்கிறது. பிள்ளைக்கு அது புரியாது.

அக்டோபர் பற்றிய என் முடிவில் மாற்றமில்லை. அம்மாவும் அப்பாவும் ஒரே அளவில் இருப்பதுதான் பிள்ளைக்கு நல்லது.

விர்யோனோ


கெலுட் மலைச்சரிவு
ஞாயிறு பொன் (செப்டம்பர் 24)

சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தை துமினி இரண்டு தடவை வாசித்தாள். கடைசி வரியை மட்டும் நான் நாலு தடவை வாசிக்கச் சொன்னேன். அம்மாவும் அப்பாவும் ஒரே அளவில்.

டானாங் கடைசியாக எப்போது கூப்பிட்டான்?

எனக்குத் தெரிந்தது பெருநாள் மறுநாள், ஞாயிறு வாகே. உங்கள் முற்றத்தில் நாமெல்லாம் கேத்துப்பாட் ஓலைச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். போனை வாங்கினதும் பிள்ளை வேலியோரம் ஓடினாள், ஒரு பாட்டுகூட முடியாத நேரத்தில் திரும்பி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு?

மே மாதம் ஒரு சனிக்கிழமை அன்னாசித் தோட்டத்தில் கேட்டேன், அப்பா பேசினாராடீ என்று. "அப்பா போன் உடைஞ்சுபோச்சாம், டவுன் தாத்தா சொன்னாரு" என்றாள். ஜூனில் கேட்டேன், உடைந்தது. ஆகஸ்டில் கேட்டேன், உடைந்தது. போனையே செய்து விற்கிற தேசத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு நாலு மாதமாக ஒரு போன் கிடைக்கவில்லையா, சம்பந்தி?

முதல் கடிதத்தில், டானாங்கும் அதையே சொல்கிறான் என்று எழுதினீர்கள். எந்த நாள் சொன்னான்? எதில் சொன்னான்? உடைந்த போனிலா?

ரத்மியிடமும் கேட்டேன். "வேலை அதிகம்பா" என்றாள், முகத்தைத் துணிப்பக்கம் திருப்பிக்கொண்டு. அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன என்று எனக்குத் தெரியாது. துருவவும் மாட்டேன். புருஷன் பெண்டாட்டி சண்டையில் எழுதத் தெரியாதவன் சொல்ல என்ன இருக்கிறது.

போனில் அந்த நேரக் கணக்கை துமினி காட்டும்போது கீழே சின்னச் சின்னப் படங்கள் இருந்தன. எது எவ்வளவு நேரம் என்று அது தனித்தனியாகச் சொல்லுமாம். வெள்ளி அந்தியில் கார்ட்டூன் இல்லை, அழைப்புதான் என்று அதிலேயே இருக்கிறதாம். துமினி டெம்பே விற்கிறவள். அவளுக்கே அது கண்ணில் பட்டது. நீங்கள் முப்பத்தோரு வருஷம் கோப்பு பார்த்தவர். ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி முதல் திங்கள்தோறும் பார்த்துக் குறித்து வருகிறீர்கள்.

உங்களுக்கு முதல் வாரமே தெரியும், இந்தக் கிழவன் கார்ட்டூன் காட்டவில்லை என்று. தாயோடு பேசுகிறாள் என்று தெரிந்துதான் எனக்குக் கண் டாக்டரைக் காட்டினீர்கள். அம்மா பக்கம் ஒரு மணி நேரம், அப்பா பக்கம் ஒன்றுமில்லை. இந்தப் பக்கத்தைக் கூட்ட உங்களால் முடியவில்லை. அதனால் அந்தப் பக்கத்தைக் குறைக்கப் பார்த்தீர்கள்.

துமினி இதை எழுதமாட்டேன் என்றாள். எழுதினால்தான் உண்டு என்று உட்காரவைத்தேன். கோபத்தில் சொல்லவில்லை. போன வாரம் கோபம் இருந்தது. இந்த வாரம் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிற கேள்வியை நினைத்துப்பார்த்தேன். இருந்தாலும் பதில் வேண்டும். வெள்ளிக்கிழமையை நிறுத்தினால் நான் ஒருத்தன் மட்டும் இழப்பது இல்லை. அவள் தன் அம்மாவை வேறு எங்கே வைப்பாள்?

கஸ்மடி


பிளிடார்
செப்டம்பர் 28, வியாழன்

மதிப்புக்குரிய சம்பந்தி அண்ணன் அவர்களுக்கு,

இன்று நபி பிறந்தநாள் மவ்லித் விடுமுறை. பிள்ளை வீட்டில் இருக்கிறாள். சுருக்கமாக எழுதுகிறேன்.

கண் மருத்துவமனைக்குப் போனில் கேட்டேன். பெற்றோருடன் முகம் பார்த்துப் பேசுவது ஒரு மணி நேரத்தில் சேராது என்று உறுதிசெய்தார்கள். அது என் குறிப்பில் விடுபட்டது. இனி இரு வீட்டிலும் ரத்மியின் அழைப்பு கணக்கில் சேராது. வார இறுதிப் பயணம் வழக்கம்போல் தொடரும். அக்டோபர் பற்றி எழுதியதை இல்லையெனக் கொள்க.

தங்கள் ஐயத்துக்கும் பதில் உண்டு. கடந்த செவ்வாய் மாலை டானாங் அழைத்தான். என் மனைவியின் எண்ணிலிருந்து இணைப்பு வந்ததுபோல் காட்டியது, வெளிநாட்டு அழைப்புகளில் அப்படி ஆவதுண்டு என்கிறார்கள். படம் இல்லை, குரல் மட்டும். அவன் போனில் கேமரா பழுது. பன்னிரண்டு நிமிடம் பேசினான். நான் அப்போது வீட்டில் இல்லை, கொல்லைப்புறம் வேலையாக இருந்தேன். வந்து பார்த்தால் பிள்ளை மகிழ்ச்சியாக இருந்தாள். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள், தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள்.

ஆகவே தங்கள் சந்தேகத்துக்கு ஆதாரமில்லை.

விர்யோனோ


கெலுட் மலைச்சரிவு
ஞாயிறு கிளிவோன் (அக்டோபர் 1)

சம்பந்தி விர்யோனோவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நீங்கள் ஸலாம் எழுத மறந்திருக்கிறீர்கள். முதல் தடவை. பரவாயில்லை.

பிள்ளை வந்தாள். வேனிலிருந்து இறங்கும்போதே "அப்பா பேசினாரு தாத்தா" என்றாள். வெள்ளி அந்தி ரத்மியிடமும் அதையே சொன்னாள். ரத்மி மடித்துக்கொண்டிருந்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு, "அப்படியா, என்ன சொன்னாரு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். என் மகளை எனக்குத் தெரியும். அவள் நம்பவில்லை. ஆனாலும் கேட்டாள், முழுக்கக் கேட்டாள்.

நானும் கேட்டேன். பல்லு விழுந்ததைச் சொன்னாளாம். கூரைமேல எறிஞ்சியா என்று கேட்டாராம். கீழ்ப்பல்லுதானே, ஆமா என்றாளாம். பிறகு பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னாராம். ஏழாம் வாய்ப்பாட்டில் தப்பு வந்ததும், "ஒழுங்கா, நிதானமா, இன்னொரு முறை" என்றாராம். டானாங் என் வீட்டு மாப்பிள்ளையாகி ஒன்பது வருஷம். ஒழுங்கா, நிதானமா என்று அவன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அந்தச் சொல்லை எங்கே கேட்டிருக்கிறேன் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

பிள்ளை என்ன சொன்னாள் தெரியுமா? "அப்பாவுக்கு வயசாயிடுச்சு தாத்தா. குரல் கிழவன் குரல் மாதிரி ஆயிடுச்சு." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிபடவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். வெள்ளிக்கும் சனிக்கும் நடுவில் இருந்த இடத்தைக் கண்டுபிடித்த பிள்ளை அது. நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

துமினி இதை எழுதிக்கொண்டே மூக்கை உறிஞ்சுகிறாள். வெளியே சொல்லமாட்டாள், சத்தியம் வாங்கிவிட்டேன். ரத்மியிடமும் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

ஆனால் இது ஓடாது, சம்பந்தி. ஒரு தடவை செய்யலாம், இரண்டு தடவை செய்யலாம். வருகிற வெள்ளி நீங்களும் அந்த வேனில் ஏறி வாருங்கள். தோள்பட்டை வலித்தால் முன் இருக்கையை டிரைவரிடம் நான் சொல்லிவைக்கிறேன். பிள்ளையை துமினி வீட்டுக்கு அனுப்பிவிட்டு நாம் இரண்டு பேரும் டானாங்கைக் கூப்பிடுவோம். நீங்கள் எண்ணைப் போட்டுக் கொடுங்கள், பேசுவது நான். உங்களுக்கு அவன் மகன், கோபப்பட்டால் போனை வைத்துவிடுவான் என்று பயம். எனக்கு அந்தப் பயம் இல்லை. எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிடுவோம். எடுக்கும்வரை உங்களை நான் டவுனுக்கு அனுப்பமாட்டேன், சாப்பாடு இருக்கிறது, பாய் இருக்கிறது.

அதற்குள் செவ்வாய்க்கிழமை வந்து, அவள் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால், உங்களால் தாங்க முடியாது என்று எனக்குத் தெரியும். கொல்லைப்புறம் போவீர்கள். போனால், மாமரத்தில் நீங்கள் கட்டித் தொங்கவிட்டிருக்கிற பெர்குதுட் புறாவின் கூண்டுக்குத் துணி போட்டு மூடிவிட்டுப் பேசுங்கள். பன்னிரண்டு நிமிடமும் அது கூவியிருக்கிறது.

"தைவான்லயும் நம்ம புறா இருக்கா தாத்தா?" என்று என்னிடம் கேட்டாள்.

இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

கஸ்மடி